காற்றுத் தூரிகை: ஒரு சிறு கைத்தொழில்

விழா மலருக்குக் கட்டுரை வேண்டி வந்த பழைய மாணவர் சங்கத்தினர், "சேர், சென்ற மலரில் சிலப்பதிகாரம் எழுதினீர்கள். இம்முறை பிள்ளைகள் பிழைப்பதற்கு உதவும் ஏதேனும் ஒன்றை எழுதித் தாருங்கள்" என்று கேட்டனர். கேட்டவர் நால்வரும் நம்மிடம் படித்தவர். அவருள் ஒருவர் இன்று கொழும்பிலே புடைவைக் கடை நடத்துகின்றார். மற்றொருவர் தோட்ட உத்தியோகத்தர். பிழைப்பின் அருமை அறிந்தவர்கள் கேட்கும்போது மறுத்துரைத்தல் அழகன்று. ஆதலின் சிலம்பை ஒருபுறம் வைத்துவிட்டு, கடந்த மூன்றாண்டுகளாக நமது வீட்டுப் பின்விறாந்தையில் நடந்துவரும் ஒரு கைத்தொழிலைப் பற்றி எழுதத் துணிந்தோம். காற்றுத் தூரிகை கொண்டு ரீசேட்டுகளிலே பெயரும் படமும் தீட்டி விற்கும் தொழில் அது. கடைகளில் இதனை எயார்பிரஷ் என்பர்.

நாம் சித்திர ஆசிரியர் அல்லோம், தமிழ் கற்பிப்பவரே. இத்தொழிலுக்குள் நம்மை இழுத்து வந்தவன் பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து படித்த மாணவன் ஒருவன். கல்லூரி நாடகங்களுக்குத் திரைச்சீலை எழுதியவன் அவனே. உயர்தரப் பரீட்சை முடிந்ததும் ஊரிலுள்ள ஏனைய இளைஞர் செய்வதையே அவனும் செய்தான். கொழும்புக்குச் சென்று கடையொன்றில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலையில் அமர்ந்தான். இரண்டாண்டு கழித்துத் திரும்பி வந்தபோது அவன் கையில் இருந்தது, சேமித்த பணத்தில் வாங்கிய ஒரு காற்றுத் தூரிகை. பேனாவிலும் சற்றுப் பருத்த அக்கருவியைக் காட்டி, "இதை வைத்து இங்கேயே வாழலாமா, சேர்?" என்று அவன் கேட்ட கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இருக்கவில்லை. அதன்பின் அவனுடன் கூடி நாமும் கற்றவற்றையே இங்கு கூறப் புகுகின்றோம்.

காற்றுத் தூரிகை என்பது யாது? நமது பழைய மாணவர் ஒவ்வொருவரும் அதன் தத்துவத்தைக் கீழ்வகுப்பிலேயே கண்டவர். ஒரு பன்னத்தின் இலையைத் தாளின்மேல் வைத்து, பழைய பற்தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, சீப்பின்மேல் தேய்த்துத் தெளித்த நாள் நினைவிருக்கும். இலையை எடுத்தால் அதன் வடிவம் வெள்ளையாய் நிற்கும். சுற்றிலும் துளிகள் படர்ந்திருக்கும். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள குகைச் சுவரிலே ஆதி மனிதர் தம் கையை வைத்து, அதன்மேல் செங்காவிச் சாயத்தை ஊதி விட்டுச் சென்ற கையடையாளம் ஒன்று குறைந்தது 39,900 ஆண்டு பழமையுடையது என 2014இல் ஆய்வாளர் கணித்தனர். வாயாலே ஊதிய அக்காற்றை ஓர் இயந்திரத்தாலும், ஊதும் அளவை ஒரு விரலாலும் ஆளுதலே காற்றுத் தூரிகையின் புதுமை.

இக்கருவி ஐக்கிய அமெரிக்காவில் உருப்பெற்றது. 1876இல் பிரான்சிஸ் எட்கர் ஸ்ரான்லி என்பவர் சாயம் தெளிக்கும் கருவியொன்றுக்கு உரிமைப்பட்டயம் பெற்றார். பின்னாளில் நீராவி மோட்டார் வண்டியால் பெயர்பெற்ற ஸ்ரான்லி இவரே. 1879இல் அயோவாவைச் சேர்ந்த அப்னர் பீலர் என்பார் நிழற்படங்களுக்கு வண்ணந்தீட்டும் பொருட்டு வேறொரு கருவியை அமைத்தார். அதனை விலைக்கு வாங்கிய லிபேட்டி வோக்கப் என்பவர் அதனைத் திருத்தியதோடு நில்லாது, அதனைக் கையாளவும் பிறருக்குக் கற்பித்தார். கருவியை விற்பவன் வித்தையையும் கற்பிக்க வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். 1890களில் சாள்ஸ் பர்டிக் அமைத்த கருவியே, காற்றும் சாயமும் உள்ளேயே கலந்து வெளிவரும் இன்றைய தூரிகைக்கு மூலம் எனலாம்.

இதன் அமைப்பு எளிது. ஊசியொன்று நுண்ணிய குழல்வாயை அடைத்து நிற்கின்றது. மேலேயுள்ள விசையை விரலால் அழுத்தினால் காற்று மட்டும் வரும். அழுத்தியபடியே பின்னுக்கு இழுத்தால் ஊசி விலகிச் சாயமும் வரும். விரைந்து செல்லும் காற்று குழல்வாயில் அழுத்தத்தைக் குறைக்க, சாயம் உறிஞ்சப்பட்டுப் புகார்போல் சிதறுகின்றது. இரண்டு செயலையும் ஒரே விரல் செய்வதால் இதனை இரட்டைச் செயல் தூரிகை என்பர். அழுத்தினால் காற்றும் சாயமும் ஒருங்கே வரும் ஒற்றைச் செயல் தூரிகை விலை குறைந்ததாயினும், பெயரெழுத விரும்புவோர் அதனை வாங்கிப் பின் வருந்துவதிலும் முதலிலேயே மற்றதை வாங்குதல் நன்று. சட்டைத் துணிக்குரிய சாயம் தடிப்பானது. ஆதலின் குழல்வாய் 0.5 மில்லிமீற்றர் அளவில் இருத்தல் வேண்டும். தாளில் நுண்சித்திரம் எழுதுவோர் விரும்பும் 0.2 மில்லிமீற்றர் வாய் இச்சாயத்தால் அடிக்கடி அடைபடும். மேலே கிண்ணம் பொருத்திய தூரிகையும் உண்டு, பக்கத்திலோ கீழோ புட்டி பொருத்தியதும் உண்டு. சட்டைத் தொழிலுக்குப் புட்டியே வசதி; ஒரு நிறம் முடிந்ததும் புட்டியைக் கழற்றி மறு நிறத்தைக் கொளுவிவிடலாம்.

ரீசேட் எனப்படும் உடையும் நெடுங்காலத்ததன்று. 1913 அளவில் அமெரிக்கக் கடற்படையினருக்கு உள்ளுடையாக வழங்கப்பட்ட பருத்திப் பெனியனே பிற்காலத்தில் மேலுடையாயிற்று. அதிலே காற்றுத் தூரிகையால் படமெழுதி விற்றவருள் பெயர்பெற்றவர் கலிபோர்னியாவின் எட் றோத். 1950களின் பிற்பகுதியில் மோட்டார் வண்டிக் கண்காட்சிகளில் அவர் அமர்ந்து, வந்தவர் கண்முன்னே விகாரமான பூத உருவங்களை எழுதிக் கொடுத்தார். நமது நோக்கத்துக்கு அவரினும் நெருங்கியவர் நியூயோர்க் நகரின் குயீன்ஸ் பகுதி இளைஞர் சிலர். அங்கே ஜமேக்கா எனும் இடத்திலுள்ள சந்தைக் கட்டடத்தில், 1980களின் நடுவில், ஷேர்ட் கிங்ஸ் என்ற சிறு கடையை அவர்கள் திறந்தனர். அவருள் முதன்மையானவர் 'ஃபேட்' என்னும் புனைபெயருடைய எட்வின் சக்காசா; அதற்குமுன் சுவர்களில் எழுத்து வரைந்து பழகியவர். எல் எல் கூல் ஜே போன்ற பாடகர் அவர்களிடம் சட்டை எழுதுவித்தனர். எனினும் அக்கடையின் அடிப்படை வாடிக்கையாளர் அயலிலுள்ள சாதாரண இளைஞரே. தம் பெயர் தம் மார்பில் அழகாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே அவர்கள் விருப்பம். செல்வரல்லாத ஓர் ஊரிலே, ஊர்ப்பிள்ளைகளின் கையால், ஊரார் பெயரை எழுதி நடந்த கடை என்பதனாலேயே அதனை நாம் இங்கே எடுத்துக் கூறினோம்.

நமது நாட்டில் இவ்வித்தைக்கு ஆசான் இல்லை என்று எவரும் எண்ண வேண்டா. தனியார் பேரூந்துகளின் பின்புறத்திலும் முச்சக்கர வண்டிகளின் பக்கத்திலும் புலியும் கழுகும் நீர்வீழ்ச்சியும் எழுதுகின்றவர் இதே தூரிகையைத்தான் ஏந்துகின்றனர். அவர் ஆளுவது இரும்பில் ஒட்டும் சாயம். நாம் ஆளுவது துணியில் ஊறும் சாயம். விரலின் பயிற்சி இரண்டிற்கும் ஒன்றே. நமது மாணவன் அத்தகைய வண்டிச் சித்திரக்காரர் ஒருவரிடம் மூன்று மாதம் சென்று, பெரும்பாலும் தூரிகை கழுவியே கற்றான். கழுவுதல் இத்தொழிலிற் பாதி என்பதை அங்கேதான் அறிந்தான். துணிச்சித்திரம் ஒரு வாழ்தொழிலாகக் கூடும் என்பதற்கும் இங்கே முன்மாதிரி உண்டு. 1960களில் பத்திக் கலைக்குப் புத்துயிரூட்டிய ஈனா டி சில்வா, பின்னர் மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையில் கிராமத்துப் பெண்களைக் கொண்டே அக்கலையை நடத்திக் காட்டினார்.

இனி, தொழில் தொடங்குவோன் முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, "எவரும் இதனை ஏன் வாங்க வேண்டும்?" என்பதே. இன்று படமச்சிட்ட சட்டை எங்கும் மலிவு. ஒரே படத்தை நூறு சட்டையில் போட வேண்டுமாயின் திரை அச்சுக்காரரிடம் கொடுப்பதே அறிவுடைமை. கிரிக்கெட் குழுவினருக்கான வழுவழுப்பான பொலியெஸ்டர் சட்டைகளில் வெப்பத்தால் சாயமேற்றும் இயந்திரங்கள் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. அவற்றோடு விலையிற் போட்டியிட முனைந்தவன் கெடுவான். கோயில் தொண்டர் படையினருக்கு நூற்றிருபது சட்டை எழுத ஒப்புக்கொண்டு, ஐந்தாம் நாள் நமது மாணவனின் விரல் மடங்காது போன கதையை இங்கு விரிக்கவில்லை. இயந்திரம் செய்ய விரும்பாதது ஒன்று உண்டு. ஒரே ஒருவருக்காக, அவர் எதிரில் நிற்க, அவர் சொன்னபடி ஒரே ஒரு சட்டை எழுதுதலே அது. பிறந்தநாட் சிறுவன், மணமக்கள், கல்லூரியை விட்டுப் பிரியும் வகுப்பினர், தெமோதரையில் 1921இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தைக் காண எல்லைக்கு வரும் பிறநாட்டார், இவர்களே நமது வாடிக்கையாளர். பாலத்தின் படம் அச்சிட்ட சட்டை எல்லையில் எங்கும் கிடைக்கும். பாலத்தின்கீழ்த் தம் பெயரும், தாம் வந்து நின்ற நாளும் எழுதிய சட்டை அங்கே அச்சில் கிடையாது.

கருவிகளுள் தூரிகையைவிடப் பொருட்செலவும் தொல்லையும் மிக்கது காற்றழுத்தி. தாளில் எழுதுவோருக்குச் சதுர அங்குலத்துக்கு 20 அல்லது 30 இறாத்தல் அழுத்தம் போதும். துணியின் நூலுக்குள் சாயம் புகவேண்டுமாதலின் நமக்கு 40 முதல் 60 இறாத்தல் வேண்டும். ஒப்பிட்டு அறிவதாயின், மோட்டார் வண்டிச் சில்லுக்கு 30 இறாத்தல் அளவிலேயே காற்றடிப்பர். பழைய குளிர்சாதனப் பெட்டியின் அழுத்தியைக் கழற்றிச் சிலர் பயன்படுத்துவர். அது சத்தமின்றி ஓடும் என்பது மெய்யே. ஆனால் அது காற்றோடு எண்ணெயையும் உமிழ்வதால் வெள்ளைச் சட்டையில் மஞ்சட் பொட்டு விழும். மேலதிக அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு இல்லாது கொள்கலனோடு பொருத்தின் உயிருக்கும் ஆபத்து. கொள்கலனும் அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வும் உடைய சிறு அழுத்தி ஒன்றை, பழையதாயினும், அறிந்தவரைக் கொண்டு பரிசோதித்து வாங்குக.

பதுளைக்கென்றே உரிய தொல்லை ஒன்று உண்டு. நமது நகரம் ஏறத்தாழ 2,200 அடி உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்திலே கிடக்கின்றது. ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழையும் புகாரும் மாறிமாறி வரும். ஈரக்காற்றை அழுத்தும்போது அதிலுள்ள நீராவி கொள்கலனுக்குள் நீராய்த் திரளும். அந்நீர் குழாய்வழியே வந்து எழுதுகின்ற கோட்டின் நடுவில் 'சொட்' என்று துப்பும். ஒரு துப்பல் ஒரு சட்டையின் விலை. நீர்பிடிக்கும் கண்ணாடிக் குமிழ் ஒன்றைக் குழாயில் பொருத்துதலும், ஒவ்வொரு மாலையும் கொள்கலனின் அடித்திருகைத் திறந்து நீரை வடித்துவிடுதலும் கட்டாயம். கார்த்திகையில் ஒருநாள் வடித்தபோது ஒரு தேநீர்க் கோப்பை நிறைய நீர் வந்தது கண்டு நாமே திகைத்தோம். தேயிலைக்கு நறுமணம் கூட்டும் ஆடி, ஆவணி மாதத்து வறண்ட காற்று நமது தொழிலுக்கும் நற்காலம். எனினும் அக்காலத்தில் சாயம் ஊசிமுனையிலேயே உலர்ந்து ஒட்டும்; ஈரத் துணியால் முனையை அடிக்கடி துடைக்க வேண்டும்.

சாயம் துணிக்கென்று செய்த, நீரிற் கரையும் அக்கிரிலிக் சாயமாதல் வேண்டும். சுவர்ச் சாயத்தை நீர் கலந்து அடித்துப் பார்க்கும் ஆசை எவருக்கும் எழும். அது காய்ந்து தகடாகி, மடித்தால் வெடிக்கும். சாயத்தைப் பழைய நைலோன் காலுறையில் வடிகட்டிய பின்னரே புட்டியில் ஊற்றுக. வெள்ளைச் சட்டையில் ஒளிபுகும் சாயங்கள் பிரகாசிக்கும். கறுப்புச் சட்டையிலோ அவை விழுந்த இடமே தெரியாது. அங்கே முதலில் வெள்ளையை எழுதி, அதனை இஸ்திரிக்கைப் பெட்டியால் சூடேற்றி நிலைப்படுத்திய பின்பே அதன்மேல் நிறமேற்ற வேண்டும். ஆதலின் கறுப்புச் சட்டை இருமடங்கு வேலை. இருமடங்கு விலை கேட்பதற்கும் நாணற்க. துணி முழுப் பருத்தியாயின் சாயத்தை நன்கு பற்றும். எழுதுமுன் சட்டைக்குள் அட்டையொன்றைச் செருகி, சுருக்கமின்றி இழுத்துப் பொருத்தி, ஒருமுறை இஸ்திரிக்கையிட்டால் நூலின் மயிர்கள் படிந்துவிடும். அட்டை செருகாது எழுதிய முதற் சட்டையில், முன்புறத்து மயில் முதுகிலும் தோன்றியது.

எல்லைக்கோடு கூர்மையாக வேண்டிய இடத்தில் வெட்டுப்படிவம் உதவும். பயன்முடிந்த எக்ஸ்ரேத் தகட்டைக் கழுவி, கூரிய கத்தியால் வெட்டிப் படிவமாக்குதல் மலிவும் உறுதியும் ஆன வழி. ஆயினும் படிவத்தையே நம்பி இருப்பவன் கை வளராது. நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் பழைய செய்தித்தாளில் புள்ளி, கோடு, மெல்லத் தடித்து மெல்ல மெலியும் கோடு, ஒளியும் நிழலும் கலக்கும் பூச்சு என்னும் நான்கையும் ஆறு மாதமேனும் பழகுதல் வேண்டும். தூரிகை துணியை அணுகினால் கோடு மெலியும், அகன்றால் அகலும். அணுகும்போது சாயத்தைக் குறைக்க மறந்தால், சாயம் தேங்கிச் சிலந்திக் கால்கள்போல் நாற்புறமும் ஓடும்.

இவ்விடத்தில் தமிழாசிரியனுக்கும் சொல்வதற்கு ஒன்று உண்டு. ஆங்கில எழுத்தை இத்தூரிகையால் எழுதக் கற்பிக்கும் நூலும் படமும் ஏராளம். தமிழெழுத்துக்கு நாமே வழி காண வேண்டியதாயிற்று. ஓலையிலே எழுத்தாணி கொண்டு எழுதிய காலத்தில் நேர்க்கோடு ஏட்டைக் கிழிக்கும் என்பதனால் நமது எழுத்துக்கள் வளைந்தன என்பர். அவ்வளைவு காற்றுத் தூரிகைக்கு மிகவும் இசைந்தது. கையை நிறுத்தினால் சாயம் தேங்கும் கருவி இது. நில்லாது சுழன்றோடும் ண, ஞ, இ முதலியவற்றை அது விரும்பி எழுதும். இடர்தருவன மூலையுடைய ட, ப, ம ஆகியன. மூலையில் கையை நிறுத்தாது, விரலைத் தளர்த்திச் சாயத்தை மட்டும் நிறுத்தி, திசை மாற்றிப் பின் தொடர வேண்டும். எல்லாவற்றிலும் கொடியது மெய்யெழுத்தின் புள்ளி. தூரிகைப் பயிற்சியின் முதற் பாடம் புள்ளி. தமிழிலோ அதுவே கடைசிப் பரீட்சை. எழுத்தெல்லாம் எழுதி முடித்து, இறுதியில் தலைப்புள்ளி வைக்கும்போது விரல் சற்று நடுங்கினால் அது பெருத்து எழுத்தையே விழுங்கும். ஆதலின் புள்ளிகளை முதலில் வைத்துப் பின் எழுத்தை எழுதும் முறையை நாம் வகுத்தோம். புள்ளி கெட்டால் அதனை ஒரு பூவாக்கிவிடலாம். எழுத்து முழுதும் எழுதியபின் கெட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

இனி நமது தவறொன்றைக் கூறுவோம். முதலாண்டில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு இருபத்திரண்டு சட்டை எழுதிக் கொடுத்தோம். கண்டவர் யாவரும் புகழ்ந்தனர். அடுத்த திங்கட்கிழமை ஒரு மாணவி தன் சட்டையை மேசைமேல் வைத்தாள். இல்லச் சின்னமான யானை சாம்பல் நிறப் புகையாகியிருந்தது. அவசரத்தில் சூடேற்றாமலே கொடுத்துவிட்டோம். துணிச்சாயம் காய்ந்தால் மட்டும் போதாது, சூடேறினாலே நூலோடு பிணையும். அச்சாயங்கள் பெரும்பாலனவற்றுக்கு ஏறத்தாழ 150 பாகை செல்சியஸ் வெப்பம் சில நிமிடநேரம் வேண்டும். எனினும் புட்டியில் எழுதியிருப்பதே பிரமாணம். நீராவியின்றி, மேலே மெல்லிய துணியோ தாளோ இட்டு, பெட்டியை ஓரிடத்தில் நிறுத்தாது நகர்த்திக்கொண்டே தேய்க்க வேண்டும். வாங்குபவருக்கு, சில நாட்கள் கழித்தே தோய்க்குமாறும், உட்புறம் வெளியாகத் திருப்பிக் குளிர்நீரில் தோய்க்குமாறும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தல் முறை. அவ்விருபத்திரண்டு சட்டைகளையும் நமது செலவில் மீண்டும் எழுதினோம். இன்று எந்தப் புதுச் சாயம் வாங்கினாலும், ஒரு துண்டுத் துணியில் எழுதி ஐந்துமுறை தோய்த்துப் பார்த்த பின்பே சட்டையில் வைக்கின்றோம்.

மூச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். தூரிகையிலிருந்து எழும் சாயப் புகார் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது; நீரிற் கரையும் சாயமாயினும் நெஞ்சுக்குள் சென்றால் தீங்கே. காட்மியம், ஈயம் முதலியன கலந்த சாயங்களைத் தெளிக்கவே கூடாது. புகாரை வடிக்கும் முகக்கவசம் அணிந்து, இருபுறமும் காற்றோட்டமுள்ள இடத்தில் எழுத வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயன் காம்பிராவில், குழந்தை உறங்கும் தொட்டிலுக்கு அருகே இத்தொழிலைச் செய்தல் தகாது. நமது பின்விறாந்தை தொழிற்கூடமானது இதனாலேயே. நமது வீட்டம்மையார் வளர்த்த அந்தூரியம் செடிகள் சிலகாலம் நீலப் பூத்தன என்பதையும் ஒளிக்காது கூறுகின்றோம்.

கணக்குக்கு வருவோம். போக்கை விளக்கும்பொருட்டுச் சில எண்களை எடுத்துக்கொள்கின்றோம். வெற்றுச் சட்டை 900 ரூபா, சாயம் 100, மின்சாரமும் தேய்மானமும் 50, ஆக 1,050. பத்துக்கு ஒன்று கெடும் எனக் கொண்டால், பத்துச் சட்டையின் செலவை ஒன்பது சட்டை தாங்க வேண்டும். எனவே ஒன்றின் செலவு ஏறத்தாழ 1,167. வாடிக்கையாளரோடு பேசி வரைபடம் ஒப்புக்கொள்ள அரைமணி, எழுதிச் சூடேற்ற ஒன்றரை மணி. ஆக இரண்டு மணிநேர உழைப்பு. நமது மாணவன் தொடக்கத்தில், "ஊரார்தானே" என்று 1,200 ரூபாவுக்குக் கொடுத்தான். இரண்டு மணிநேரத்துக்கு அவன் பெற்றது 33 ரூபா. 2024 செப்டெம்பரில் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் வெளியாயிற்று. எட்டு மணிக்குப் பங்கிட்டால் அது மணிக்கு 170 ரூபாவிலும் சற்றுக் குறைவு. அவன் தாய் கொழுந்து பறித்துப் பெறும் கூலியிலும் குறைவாகத் தன் கலைக்கு அவன் விலை வைத்திருந்தான். இதனைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது அவன் நெடுநேரம் பேசவில்லை. மணிக்கு 300 ரூபா என வைத்தால் சட்டையின் விலை 1,767 ஆக வேண்டும். பாதிப் பணம் முற்பணம். பெயரும் எழுத்தும் வாடிக்கையாளர் கையொப்பமிட்ட தாளில் இருத்தல் வேண்டும். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்துகொள்வதும் தொடக்கத்திலேயே ஆகவேண்டிய காரியம்.

திரைப்பட நிறுவனத்தாரின் படத்தையும் பெயர்பெற்ற கம்பனிகளின் சின்னத்தையும் எழுதித் தருமாறு கேட்போரே முதலில் வருவர். பிறர் சின்னத்தை அனுமதியின்றி எழுதி விற்றல் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்துக்கு மாறானது. அன்றியும், அதே சின்னம் கடைவீதியில் மலிவாகத் தொங்கும்போது அதனைக் கையால் எழுதுவது வீண். நமுனுகுல மலையையும் துன்கிந்தை அருவியையும் எழுதுவதற்கு எவர் அனுமதியும் வேண்டியதில்லை.

பெயர் எழுதுதலைப் பற்றி இன்னும் சிறிது கூறுவோம். தோட்டப் பகுதியாரின் பெயர்கள் பட்ட பாட்டை நமது வாசகர் அறிவர். செக்றோலில் எழுதிய கிளாக்கர், பிறப்புப் பதிவாளர், பள்ளி இடாப்பு எழுதியவர் என ஒவ்வொருவரும் தத்தம் காதுக்கு எட்டியவாறு எழுதினர். ஆறுமுகம் அருமுகமானார், கறுப்பாயி கருப்பையானார். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகி, 2003இன் சட்டம் வரை பத்திரங்களோடு அலைந்த குடும்பங்களில், ஓரெழுத்துப் பிழை விண்ணப்பத்தையே திருப்பி அனுப்பவல்லதாயிருந்தது. இன்றும் நமது மாணவரின் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால், வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, அட்டையிலுள்ளது வேறொன்று. ஆகவே, பெயரெழுதக் கேட்டு வருபவரிடம் முதலில் அட்டையைக் கேட்காது, "உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்பது நமது விறாந்தையின் வழக்கமாயிற்று. ன, ண வேறுபாட்டையும் ர, ற வேறுபாட்டையும் நாம் எடுத்துச் சொல்வோம், முடிவு அவருடையது.

சென்ற ஆண்டு லுணுகலைப் பக்கத்திலிருந்து வயது முதிர்ந்த ஒருவர் வந்தார். மறைந்த தம் தாயாரின் பெயரை ஐந்து சட்டைகளில் எழுத வேண்டும், ஆண்டுத் திவசத்தன்று பேரப்பிள்ளைகள் அணிவர் என்றார். அவர் கொண்டுவந்த மூன்று பத்திரங்களில் அப்பெயர் மூன்று விதமாக இருந்தது. எது சரி என்று வினவினோம். "தம்பி, மூன்றும் ஆபீசில் எழுதினது. எங்கள் அப்பா கூப்பிட்டது வேறு" என்று சொல்லி, அவர் அதனை இருமுறை உரக்கச் சொன்னார். அவர் சொன்னவாறே தாளில் எழுதிக் காட்டினோம். எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துத் தலையசைத்தார். மாணவன் ஐந்து சட்டையிலும் முதலில் புள்ளிகளை வைத்து, பின்னர் எழுத்தை எழுதினான். பாதி விலையே வாங்கலாம் என்று அவன் நம்மைப் பார்த்தான். பெரியவர் முழு விலையையும் எண்ணி வைத்துவிட்டே சென்றார்.

இப்பொழுது சனிக்கிழமைகளில் நமது விறாந்தைக்கு உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் பழக வருகின்றனர். அவருள் இருவர் பெண்கள். தூரிகை மூன்று உண்டு, காற்றழுத்தி ஒன்றே. ஒருவர் எழுத மற்றவர் காத்திருக்கின்றனர். சங்கத்து அன்பர் எவரிடமேனும், டயர் கடையிலோ கராஜிலோ, பயனின்றிக் கிடக்கும் சிறு காற்றழுத்தி ஒன்று இருப்பின், பாதுகாப்பு வால்வு பழுதற்றதாயின், கல்லூரி அலுவலகத்தில் நமது பெயருக்குச் சேர்ப்பிக்குமாறு வேண்டுகின்றோம். அனுப்புமுன் கொள்கலனின் நீரை வடித்துவிட்டால் பெரிதும் உதவியாகும்.